என்சைம் போட்டால் காஸ்டிக்கை நிறுத்திவிடலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமா பங்குதாரராக இருக்கும் சிறிய மில்லில், பழைய அலுவலகத் தாள், நோட்டுப் புத்தகக் கழிவு, கொஞ்சம் செய்தித்தாள் எல்லாம் வாங்கி எழுதும் தாள் தயாரிக்கிறார்கள். மை நீக்க காஸ்டிக் சோடா, சிலிகேட், பெராக்சைடு மூன்றும் போகின்றன. கழிவுநீரில் உப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. என்சைம் விற்க வந்தவர், "இதை ஊற்றினால் அந்த மூன்றையும் நிறுத்திவிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்சைம் மையை நீக்குமா என்றால், நீக்கும். அதில் முப்பது வருடமாகச் சந்தேகம் இல்லை. உங்கள் மாமாவுக்குத் தெரிய வேண்டியது, அவர் வாங்கும் பேலில் (பழைய தாள் கட்டில்) உள்ள தாளுக்கு அது காஸ்டிக்கின் இடத்தில் நிற்குமா என்பதுதான். டோனர் தாள், அதாவது ஜெராக்ஸ், லேசர் பிரின்ட் அதிகம் என்றால் காஸ்டிக்கையும் சிலிகேட்டையும் நன்றாகக் குறைக்கலாம், பல்பரில் (தாளைத் தண்ணீரில் அடித்துக் கூழாக்கும் தொட்டியில்) மட்டும் முழுதாகவே நிறுத்திய மில்களும் உண்டு. பெராக்சைடு தனிக் கணக்கு, அதற்கு அப்புறம் வருகிறேன். செய்தித்தாள் அதிகம் என்றால் சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம். நான் 22 வருடம் வெள்ளைத்தாள் மில்களில் பல்ப், அதாவது தாள் கூழ்ப் பிரிவில் இருந்தவன். டிஷ்யூ மில்லில் வேலை செய்ததில்லை, எனவே கீழே சொல்வதெல்லாம் எழுதும் தாள், அச்சுத் தாள் வரைக்கும்தான் பொருந்தும்.

முதலில் காஸ்டிக் அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். டன் பல்புக்கு 10 முதல் 20 கிலோ காஸ்டிக் போட்டால் பல்பரில் பி.எச். (அமில, கார அளவு) 10-ஐத் தாண்டும். நார் ஊறி உப்பும். நார் உப்பும்போது மேலே ஒட்டியிருக்கும் மை விரிசல் விட்டுக் கழன்று வரும். மையில் எண்ணெய்ப் பசை இருந்தால் காஸ்டிக் அதைச் சோப்பாக்கிவிடும். செய்தித்தாள் ஆஃப்செட் மைக்கு இது அருமையான வழி. ஆனால் செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் (நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள்) அப்படியே இருக்கிறது. லிக்னின் உள்ள நாரில் காஸ்டிக் பட்டால் மஞ்சளாகும். அந்த மஞ்சளை எடுக்கப் பெராக்சைடு, பெராக்சைடு வீணாகச் சிதையாமல் இருக்கச் சிலிகேட். ஒன்றைப் போட்டதால் இன்னொன்று, அதற்காக மற்றொன்று என்றுதான் இந்தப் பட்டியல் நீண்டது.

டோனர் அப்படிப்பட்ட மை இல்லை. வீட்டில் ஒரு ஜெராக்ஸ் தாளை எழுத்தின் மேலேயே மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். எழுத்து கலங்காது. கறுப்புச் செதிலாக உதிரும், உதிர்ந்த இடத்தில் தாளின் வெள்ளை தெரியும். டோனர் ஒரு பிளாஸ்டிக் தூள். மெஷினுக்குள் சூட்டில் உருகி நாரைப் பிடித்துக்கொள்கிறது. அதில் சோப்பாக மாற எண்ணெய் கிடையாது, அதனால் காஸ்டிக் அதை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. பல்பரில் அடித்தால் தட்டையான பெரிய செதில்களாக உடைகிறது. பல செதில்களின் ஓரத்தில் நார்த்துண்டு தொங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளோட்டேஷன் செல்லில் (கூழுக்குள் காற்றை விட்டு மையை நுரையாக மேலே எடுக்கும் தொட்டியில்) காற்றுக் குமிழி நன்றாகத் தூக்கிப் போவது சுமார் 10 முதல் 100 மைக்ரான் அளவுள்ள துகள்களைத்தான். டோனர் செதில் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. போதாக்குறைக்கு, தண்ணீரை விரும்பும் நார் ஒட்டிக்கொண்டிருப்பதால் குமிழியோடு மேலே போகாமல் பல்போடு கீழேயே தங்கிவிடும். கடைசியில் தாளில் கரும்புள்ளி.

செல்லுலேஸ் என்ற என்சைம் உதவுவது இங்கேதான். நாரின் மேற்பரப்பில் பஞ்சு பிரிந்ததுபோல நிற்கும் மெல்லிய இழைகளை அது கத்தரித்துவிடுகிறது. கூடவே பல்பரின் உரசலும் சேரும்போது டோனர் கழன்று வருகிறது, செதிலில் தொங்கும் நாரும் குறைகிறது. செல்லுலேஸ் மை நீக்க உதவும் என்பதைக் கொரியாவிலிருந்து 1991-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் தாமஸ் ஜெஃப்ரீஸ் குழு ஜெராக்ஸ், லேசர் தாள்களில் என்சைம் முறையையும் வழக்கமான முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து 1994-இல் வெளியிட்டது. பிறகு தொழிற்சாலை அளவிலும் செய்து பார்த்தார்கள். டோனர் புள்ளி குறைகிறது என்பதும், பல்பிலிருந்து தண்ணீர் வேகமாக வடிகிறது என்பதும் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த முடிவுகள். இந்த இரண்டையும் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வடிகட்டல் கூடுவதை மட்டும் ஒரு பிரெஞ்சு குழு 1989-லேயே காட்டியிருக்கிறது. மெஷினில் வேகம் ஏற்ற முடியாமல் திணறும் மில்லுக்கு மை நீக்கத்தைவிட இதுவே பெரிய லாபமாக இருக்கும்.

எப்படி நடக்கிறது என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நார் மேற்பரப்பு உரிவதால் மை விடுபடுகிறது என்பது ஒரு கட்சி. மைத்துகளில் ஒட்டிய நார் போவதால் துகள் குமிழியில் நன்றாக ஏறுகிறது என்பது இன்னொரு கட்சி. என்சைம் நாரில் போய் உட்கார்ந்தாலே பிணைப்பு தளர்ந்துவிடும், வெட்டுவதுகூடத் தேவையில்லை என்பவர்களும் உண்டு. என் அனுபவத்தில் இரண்டாவது காரணம் பெரிது என்று நினைக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் என்சைம் போட்ட பல்பின் நுரையில் டோனர் செதில்கள் சுத்தமாக, நார் மீசை இல்லாமல் கிடக்கும். ஆனால் இது என் கண் சொல்வது, நிரூபணம் இல்லை. மூன்று கட்சியும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம், உரசல் வேண்டும் என்பது. 4 சதவீதக் கெட்டியில் (நூறில் நான்கு பங்கு நார், மீதி தண்ணீர்) நீர்மோர் மாதிரி சுற்றும் பழைய பல்பரில் என்சைமை ஊற்றிவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்கக் கூடாது. 12 முதல் 18 சதவீதக் கெட்டியில், நாரும் நாரும் உரசும் பல்பரில்தான் வித்தியாசம் தெரியும்.

உங்கள் மாமா விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி பி.எச். பற்றியது. பழைய செல்லுலேஸ் சரக்கு பெரும்பாலும் ட்ரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சையிலிருந்து வருவது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை அரித்துக்கொண்டிருந்த பூஞ்சை அது. துணியைத் தின்னும் திறமையைப் பார்த்துத்தான் ஆய்வகத்துக்கே கொண்டுபோனார்கள். அதன் செல்லுலேஸுக்குப் பிடித்தது 50 டிகிரி சூடு, பி.எச். 5 வாக்கில். ஆனால் இன்றைய ஜெராக்ஸ் தாளில் நிரப்பியாக இருப்பது கால்சியம் கார்பனேட். அதை ஊறவைத்தாலே பி.எச். 7.5, 8 என்று போய் நிற்கும். 5-க்கு இறக்கலாம் என்று ஆசிட் ஊற்றினால் கார்பனேட் கரைந்து, கரியமில வாயு பொங்கி, பல்பர் நுரைத்து வழியும். கரைந்த கால்சியம் பைப்பிலும் வயரிலும் (மெஷினில் தண்ணீர் வடியும் வலையிலும்) படியும். அது மட்டுமில்லை, ஆசிட்டும் உப்பாகத்தான் கழிவுநீருக்குப் போகிறது. உப்பைக் குறைக்கக் கிளம்பி உப்பைக் கூட்டிய கதையாகிவிடும். ஆகவே பி.எச். 7-க்கு மேலும் வேலை செய்யும் நியூட்ரல் செல்லுலேஸ் கேளுங்கள். சந்தையில் கிடைக்கிறது. விற்பவர் ஆய்வக முடிவு காட்டினால், அது எந்த பி.எச்.-இல் எடுத்தது என்று பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

அடுத்தது நேரம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலை செய்த ஒரு மில்லில் என்சைம் ட்ரையல் நான்காவது நாள். புள்ளி நன்றாகக் குறைந்திருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அன்று இரவு மெயின் பேரிங் போய் மெஷின் நின்றது. என்சைம் போட்ட ஸ்டாக் (மெஷினுக்குப் போகும் கூழ்) 50 டிகிரிச் சூட்டில் செஸ்ட்டில் (சேமிப்புத் தொட்டியில்) ஒன்பது மணி நேரம் அப்படியே நின்றுவிட்டது. அஜிடேட்டர் (கலக்கி) மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. விடிகாலை மெஷினை எடுத்தபோது ஈரத்தாள் ப்ரஸ்ஸில் அறுந்து அறுந்து விழுந்தது. ஸ்டாக்கைக் கையில் அள்ளிப் பிழிந்தால் வழக்கமான பிடிப்பு இல்லை, நனைந்த ரவை மாதிரி விரலிடுக்கில் வழுகியது. என்சைமுக்கு ஷிஃப்ட் முடிந்தது தெரியாது. மையைச் சுற்றியிருக்கும் இழை தீர்ந்தால் நாரையே வெட்டிக்கொண்டிருக்கும். ஏற்கனவே இரண்டு மூன்று முறை மறுசுழற்சி ஆன நாருக்கு அதைத் தாங்கும் வலு கிடையாது. ட்ரையல் திட்டத்தில் "மெஷின் நின்றால் என்ன செய்வது" என்ற ஒரு வரியை நாங்கள் எழுதவே இல்லை. தவறு எங்களுடையதுதான். ஸ்டாக்கை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் பெரும்பாலான செல்லுலேஸ் செயலிழந்துவிடும். அதற்கு ஸ்டீம் வழி இல்லாத மில் என்றால் காஸ்டிக்கோ பெராக்சைடோ கைவசம் இருக்க வேண்டும். அதனால்தான் முழுக்க நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உறுத்துகிறது.

உப்பு விஷயத்தில்தான் என்சைமுக்கு உண்மையான வலு இருக்கிறது. இதை விற்பனையாளர்கள்கூடச் சரியாகச் சொல்வதில்லை. டன்னுக்கு 15 கிலோ காஸ்டிக் என்றால் அதில் சோடியம் மட்டும் சுமார் 8.6 கிலோ. நாளுக்கு 50 டன் ஓட்டும் மில்லில் தினமும் 430 கிலோ சோடியம். அது தாளோடு போவது கொஞ்சம், மீதி தண்ணீரோடுதான். கழிவுநீரின் சி.ஓ.டி.யை, அதாவது அதில் கரைந்த கரிமக் கழிவை, சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியா தின்று குறைத்துவிடும். சோடியத்தைத் தின்னும் பாக்டீரியா எதுவும் இல்லை. ஆர்.ஓ. வைத்தாலும் அது ஒதுக்கும் தண்ணீரில் அத்தனையும் இருக்கும். அந்தத் தண்ணீர் வயலுக்கோ ஓடைக்கோ போனால் மண் இறுகுவதையும் கிணற்று நீர் உவர்ப்பதையும் ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயிகளிடம் யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அதனால் காஸ்டிக்கில் பாதி குறைந்தால்கூட அது பெரிய காரியம் என்பேன். சி.ஓ.டி.யில் அதே அளவு குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். காஸ்டிக் போடாததால் நாரிலிருந்து கரைந்து வருவது குறையும், அது சரி. ஆனால் என்சைம் வெட்டுவதெல்லாம் சர்க்கரையாகத் தண்ணீரில் சேரும். நிகரம் எந்தப் பக்கம் சாயும் என்பது உங்கள் தாளைப் பொறுத்தது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

பெராக்சைடுக்கு வருவோம். அதன் வேலை வெளுப்பது. செல்லுலேஸ் வெளுக்காது. ஜெராக்ஸ் தாளின் நாரில் லிக்னின் மிகக் குறைவு, காஸ்டிக் இல்லையென்றால் மஞ்சளாகவும் வாய்ப்பில்லை. அதனால் பெராக்சைடு தேவை தானாகவே குறையும், ஆனால் கலர் தாள் கலந்தால் சாயத்தை எடுக்க ஏதோ ஒன்று வேண்டியிருக்கும். ஒரே பல்பரில் பெராக்சைடையும் என்சைமையும் சேர்த்துப் போடாதீர்கள், பெராக்சைடு என்சைமைக் கெடுத்துவிடும். பேக் வாட்டரில் (மெஷினிலிருந்து வடிந்து திரும்பப் பயன்படும் தண்ணீரில்) சளி பிடிக்காமல் இருக்க ஹைப்போ (ஹைப்போகுளோரைட்) போடும் பழக்கம் இருந்தால் அதுவும் அப்படித்தான். இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் மில்லில் பெராக்சைடு அதிகமாகச் செலவானால், பேக் வாட்டரில் வளரும் பாக்டீரியா கேட்டலேஸ் என்ற தன் சொந்த என்சைமால் அதைச் சிதைத்துக்கொண்டிருக்கலாம். பேக் வாட்டரை ஒரு டம்ளரில் எடுத்து, இரண்டு சொட்டு பெராக்சைடு விட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று குமிழி கிளம்பினால் பெரும்பாலும் அதுதான் காரணம். என்சைம் வாங்குவதற்கு முன்னாலேயே தொட்டிகளைக் கழுவிப் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

செய்தித்தாளில் செல்லுலேஸ் முடிவுகள் ஏறுக்கு மாறாக இருக்கின்றன. கொரியர்களின் முதல் வேலையே செய்தித்தாளில்தான், நல்ல முடிவும் காட்டினார்கள். ஆனால் மற்ற இடங்களில் அதே அளவு வரவில்லை. செய்தித்தாள் மையின் எண்ணெய் நாள்பட நாள்படக் காற்றுப்பட்டு இறுகும். சூட்டில் சீக்கிரம் இறுகும். ஐரோப்பிய மில்களில் கோடைக்காலத்தில் மை நீக்கம் கடினமாவதற்கே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பழைய பேப்பர் கடைக் கூரைக்குக் கீழே வருடத்தில் பத்து மாதம் அந்தக் கோடைதான். ஆறு மாதம் கிடந்த செய்தித்தாளுக்கும் போன வாரச் செய்தித்தாளுக்கும் ஒரே முடிவு வராது. ஃப்ளெக்ஸோ மை (தண்ணீர் கலந்த அச்சு மை) மிக நுண்ணிய துகளாகப் பிரிந்து நாருக்குள்ளேயே போய்விடும், அதற்குக் கழுவுவதுதான் வழி. யு.வி. மை, லேமினேஷன் போட்ட அட்டை, காலண்டர் அட்டை இவற்றை என்சைமை நம்பி வாங்க வேண்டாம். பிரித்து எடுங்கள்.

வேறு என்சைம்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். தாளின் மேல் பூசிய ஸ்டார்ச்சை அமைலேஸ் கரைக்கும், அதோடு மேலே இருக்கும் டோனரும் கொஞ்சம் இளகும். பல இடங்களில் செல்லுலேஸும் அமைலேஸும் கலந்தே விற்கிறார்கள். பசைப்பிசுக்குத் தொல்லைக்கு எஸ்டரேஸ். லேபிள், கவர் பசையில் உள்ள பாலிவினைல் அசிடேட்டை அது வெட்டிப் பிசுபிசுப்பைப் போக்கும். பக்மன் நிறுவனத்தின் ஆப்டிமைஸ் என்ற சரக்குக்கு 2004-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது இதற்காகத்தான். அதுவரை இந்தப் பிசுக்கைக் கழுவ மில்களில் சால்வென்ட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நோட்டுப் புத்தகக் கழிவு வாங்கும் உங்களுக்கு ஃபெல்ட்டிலும் ட்ரையரிலும் பிசுக்கு ஒட்டும் தொல்லை இருந்தால், மை நீக்கத்துக்கு முன்னால் இதை யோசிக்கலாம். ஆனால் புத்தக முதுகில் போடும் ஹாட் மெல்ட் பசைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

சரி, எப்படிச் சோதிப்பது? மில் பல்பரில் ஆரம்பிக்காதீர்கள், லேபில் நான்கு வாளி போதும். உங்கள் பேலிலிருந்தே எடுத்த தாளை, உங்கள் பேக் வாட்டரிலேயே ஊறவைத்து, முதல் வாளியில் தண்ணீர் மட்டும், இரண்டாவதில் இப்போது போடும் கெமிக்கல், மூன்றாவதில் என்சைம். நான்காவதுதான் முக்கியம். அதே என்சைமைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றுங்கள். கொதித்த என்சைம் செத்த என்சைம். அதிலும் மூன்றாவது வாளி அளவுக்கு மை போயிருந்தால், வேலை செய்தது என்சைம் இல்லை, அந்தச் சரக்கில் கலந்திருக்கும் சர்ஃபாக்டன்ட். அப்படிக் கலந்து விற்பது சகஜம், அதில் தப்பும் கிடையாது. ஆனால் சோப்பை என்சைம் விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? நான்கிலும் ஹேண்ட்ஷீட் (லேபில் கையால் செய்யும் மாதிரித் தாள்) போட்டுப் புள்ளியை எண்ணுங்கள். பிரைட்னஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு தாளில் இருபது டோனர் புள்ளி கூடினாலும் மீட்டர் அசையாது, நோட்டு வாங்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத்தான் தெரியும். கூடவே டென்சில் (இழுவலு), டியர் (கிழிவலு), ஃப்ரீனஸ் (தண்ணீர் வடியும் வேகம்), வடிநீரின் சி.ஓ.டி., டி.டி.எஸ். (கரைந்த உப்பு) எல்லாம் எடுங்கள். என்சைம் வாளியில் இன்னொரு பங்கை நான்கு மணி நேரம் சூட்டில் வைத்திருந்து மறுபடி டென்சில் பாருங்கள், மெஷின் நின்றால் என்ன ஆகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். மில்லில் இதற்கு வசதி இல்லையென்றால் சகாரன்பூரில் உள்ள மத்திய காகித ஆய்வு நிறுவனத்தை அணுகலாம். என்சைம் மை நீக்கத்தில் அவர்களுக்கு நேரடி அனுபவம் உண்டு, விற்பனையாளருடைய லேப் முடிவைவிட அது நம்பகமானது.

சரக்கு வந்து இறங்கும் நாளிலும் ஒரு வேலை இருக்கிறது. என்சைம் ஒரு புரதம். சித்திரை வெயிலில் லாரியில் மூன்று நாள் நின்ற ட்ரம்மில் லேபிள் அப்படியே இருக்கும், வீரியம் இருக்காது. அமைலேஸ் கலந்த சரக்கு என்றால் ஸ்டார்ச் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாக்கி, என்சைம் சேர்த்து எத்தனை நிமிடத்தில் நீலம் போகிறது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். செல்லுலேஸுக்கு சி.எம்.சி. (செல்லுலோஸிலிருந்து செய்யும் கூழாக்கும் தூள்) கரைசல். கூழ் மாதிரி இருப்பது எத்தனை நிமிடத்தில் தண்ணீராக இளகுகிறது என்று பார்த்தால் போதும். முதல் ட்ரம்முக்கு வந்த நிமிடக் கணக்கை எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு ட்ரம்மையும் அதோடு ஒப்பிடுங்கள். தூளாக வரும் சரக்கை வாங்கவே வேண்டாம், திரவமாகக் கேளுங்கள். என்சைம் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். டிடர்ஜென்ட் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1960-களிலேயே இதை அனுபவித்திருக்கிறார்கள். திரவமாக இருந்தாலும், அளந்து ஊற்றும் ஆளுக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுத்துவிட்டு, தெறிக்காமல் ஊற்ற ஒரு சின்ன டோசிங் பம்ப் வாங்கிப் போடச் சொல்லுங்கள் மாமாவிடம்.